இதயத்துக்கு மருந்து, கழுத்துக்குச் சோதனை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியிலுள்ள தொழிற்சாலைகளில், மோட்டார் வண்டிகள் நீண்டதொரு வரிசையிலே நகர்ந்துகொண்டே உருப்பெறுகின்றன. ஒவ்வொரு தொழிலாளியும் தம் பங்கைக் குறித்த நேரத்தில் முடித்தாக வேண்டும். ஓரிடத்தில் தாளம் தப்பினால் வரிசை முழுவதும் தடுமாறும். நம் இதயமும் இத்தகையதே. அதன் வலது மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு குறித்த வழியே பரவுவதால் நான்கு அறைகளும் முறைப்படி சுருங்கி விரிகின்றன. அத்துடிப்பு தாறுமாறாகக் கிளம்பினால், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரிடும்.

இத்தாளத்தைச் சீர்செய்யும் மருந்துகளுள் ஒன்று அமியோடரோன். 1961-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் உருவான இம்மருந்து, முதலில் நெஞ்சுவலிக்கே வழங்கப்பட்டது. பிஜித் தீவிலே பிறந்த பிரமா சிங் என்னும் அறிஞர், ஆக்ஸ்போர்டில் வாகன் வில்லியம்ஸ் என்பாருடன் கூடி ஆராய்ந்து, அது இதயத் தாளத்தைச் சீராக்கும் ஆற்றலுடையது என்று 1970-இல் எடுத்துக் காட்டினார். அதன்பின் அது காத்த உயிர்கள் பல.

ஆயினும் இம்மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. நம் கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பிக்கு அயோடினே மூலப்பொருள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம்தான். கடையில் விற்கும் உணவு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. 200 மில்லிகிராம் எடையுள்ள அமியோடரோன் மருந்தில் இருப்பதோ ஏறத்தாழ 75 மில்லிகிராம். ஐந்து கிலோ உப்பிலுள்ள அயோடின் ஒரு சிறு மாத்திரைக்குள் அடங்கிவிட்டது! அது முழுவதும் இரத்தத்தில் கலப்பதில்லை. எனினும் நாள்தோறும் பிரிந்து வருவது சுமார் 6 மில்லிகிராம். அதாவது, தேவையைப்போல் நாற்பது மடங்கு.

இவ்வெள்ளத்தைச் சுரப்பி எவ்வாறு தாங்குகிறது? அயோடின் மிகுந்தால் அது சில நாட்கள் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். இவ்வுண்மையை உல்ஃப், சைகாஃப் என்னும் இரு அறிஞர்கள் 1948-இல் எலிகளிடம் கண்டனர். பின்னர்ப் பெரும்பாலோருக்குச் சுரப்பி பழைய நிலைக்கு மீளும். சிலருக்கு மீளுவதில்லை. அப்போது சோர்வு, மலச்சிக்கல், குளிர் பொறுக்காமை, எடை கூடுதல் ஆகியவை தோன்றும். வேறு சிலருக்கு நேர்மாறாகச் சுரப்பு மிகும். அல்லது மருந்தே சுரப்பியின் அணுக்களைப் புண்படுத்த, சேமித்து வைத்த சுரப்பு இரத்தத்தில் கொட்டும். அவர்களுக்கு உடல் மெலியும், கை நடுங்கும், அடங்கியிருந்த இதயக் கோளாறு மீண்டும் தலைகாட்டும்.

எங்கள் பகுதியில் இதனைக் கண்டறிவது எளிதன்று. இங்கே பலர் முறைமாற்றி இரவும் பகலும் வேலை செய்பவர்கள். சோர்வென்றால் இரவு வேலையின் மேலும், மெலிவென்றால் வெயிலின் மேலும் பழிபோட்டுவிடுகிறோம். என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒரு தொழிற்சாலையின் வாயிற்காவலர், அமியோடரோன் உட்கொள்பவர். சில மாதங்களாகப் பணியிலேயே கண் அயர்ந்து, வேலை போகும் நிலைக்கு வந்துவிட்டார். “வயதாயிற்று” என்றனர் எல்லோரும். “மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்” என்றார் அவர். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் அதற்கு உடன்படாமல், மருந்துச் சீட்டுடன் அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றாள். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு வெளிப்பட்டது. வைத்தியர் இதய மருந்தை நிறுத்தவில்லை. அதனுடன் தைராக்சின் மாத்திரையைச் சேர்த்தார். சில மாதங்களில் அவர் தெளிவு பெற்றார்.

அப்பெண் தடுத்தது எத்துணைப் பெரிய ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள். தாமாகவே மருந்தை நிறுத்தினால் இதயத் தாளம் கெட்டு உயிரே போகக்கூடும். தைராய்டுத் தொல்லையும் உடனே நீங்கிவிடாது. உடற்கொழுப்பிலே தங்கும் இம்மருந்து முற்றும் வெளியேறப் பல மாதங்கள் பிடிக்கும். சுரப்பு மிகுந்தவர்களுக்குச் சிகிச்சை வேறு. அதனை வைத்தியரே முடிவு செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் எவரேனும் இம்மருந்தை உட்கொள்கிறார்களா என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். மருந்து தொடங்குமுன் ஒரு முறையும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், மருந்து நிறுத்தப்பட்ட பின்னும் சில காலம் தைராய்டுப் பரிசோதனை செய்வது நலம். கடைசியாக அது எப்போது செய்யப்பட்டது என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால், அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள்.