தோட்டாப் பித்தளை: விலை பேசுமுன் கேட்க வேண்டியவை

பழைய பித்தளை என்றதும் குடம், குத்துவிளக்கு, தண்ணீர்க் குழாய் என்றுதான் நம் நினைவு போகும். ஆனால் மூட்டையாக வரும் சரக்கில் சில வேளைகளில் துப்பாக்கித் தோட்டாவின் காலி உறைகளும் கலந்து வருவதுண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி உலோகம் உருக்கும் ஆலைகள் இருப்பதாலும், சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் பக்கத்திலேயே இருப்பதாலும், திருவள்ளூர் மாவட்ட வணிகர்கள் இந்தச் சரக்கைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பாத்திரக் கடைக்காரர் மட்டுமல்ல, பழைய பித்தளையை எடைக்கு எடுக்கும் சிறு கடைக்காரரும் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் சரக்கின் தரம். தோட்டா உறை 100 பங்கில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. ஈயம் கிடையாது. கடைசல் வேலைக்கு வரும் பித்தளைக் கம்பியில் ஏறத்தாழ 3 பங்கு ஈயம் இருக்கும்; கடைசலுக்கு அது வசதி, தகடு அடிக்க அது கேடு. ஆகவே உறைப் பித்தளையைக் கம்பிப் பித்தளையோடு கலந்துவிட்டால் நல்ல சரக்கும் தாழ்ந்த விலைக்குத்தான் போகும். தனியாகப் பிரித்து வைப்பதே லாபம்.

இந்தக் கலவையை ஏன் தேர்ந்தார்கள்? சுடும்போது உறை விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரை ஒட்டிக்கொண்டு புகை பின்னால் வராமல் தடுக்கிறது; அடுத்த கணமே சற்றுச் சுருங்கி எளிதாக வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், கிழியவும் கூடாது. 70க்கு 30 கலவை அதற்கு ஏற்றது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1,000 கஜ தூரத்துக்குக் குறி வைக்கும் போட்டிக்காரர்கள் பலர் காலி உறையைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் சரக்கு எடுக்கும் முறை நாம் துவரம்பருப்பு எடுப்பது போலத்தான். பளபளப்பைப் பார்ப்பதில்லை, ஒரே சீராக இருக்கிறதா என்றே பார்ப்பார்கள். ஒரே உற்பத்தியாளர், ஒரே தொகுதி, ஒரே எடை. உறையின் சுவர் ஒன்றில் தடிப்பாகவும் ஒன்றில் மெலிவாகவும் இருந்தால் உள்ளே இடம் மாறும், அழுத்தம் மாறும், குண்டின் வேகம் மாறும். குண்டையும் தராசில் வைத்துப் பிரிப்பார்கள். 175 கிரெய்ன் குண்டு என்பது நம் கணக்கில் சுமார் 11.3 கிராம், உள்ளே ஈயம், மேலே செம்புக் கலவை உறை. அந்த எடையில் வரும் சிறு வேறுபாட்டையும் அவர்கள் விடுவதில்லை.

நம் நாட்டு மழைக்காலமும் இந்த உலோகத்துக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் படையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகளில் வெடிப்பு. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவியும், உலோகத்தை அடித்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினர். உறையைச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வாயிற்று. நமக்கும் இதில் பாடம் உண்டு. புதுப் பித்தளைப் பாத்திரத்தை மாட்டுத் தொழுவத்தின் பக்கத்திலோ யூரியா மூட்டையோடோ கிடங்கில் அடுக்காதீர்கள்.

வாங்கும்போது செய்யும் சோதனை எளிது. காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு உறை மேல் பூச்சு. கையில் தூக்கினால் மிக லேசாக இருந்தால் அலுமினியம். சந்தேகம் இருந்தால் அரம் வைத்து ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். உள்நிறம் உண்மையைச் சொல்லிவிடும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உறை உண்மையிலேயே காலிதானா? உறையின் அடியில் பிரைமர் என்ற சிறு மூடி இருக்கும். சுடப்படாத பிரைமர் சுத்தியல் அடியிலும் உலைச் சூட்டிலும் வெடிக்கும். அதனால்தான் அமெரிக்கக் கழிவு வணிகர் சங்கத்தின் தரப்பட்டியலில் இதற்கென்றே தனித்தனிப் பெயர்கள் உள்ளன. பிரைமர் நீக்கிய உறை 'லேஸ்', பிரைமரோடு கூடிய சுட்ட உறை 'லேடி', சுட்ட துப்பாக்கித் தோட்டா உறை 'லேக்', உலையில் சுட்டு மிச்சத்தை வெடிக்க வைத்த பின் வருவது 'லேம்'. எந்தப் பெயரில் பில் போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை வீண் பயம் அல்ல. 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த இரும்புக் கழிவுக்குள் கிடந்த குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகே, நொறுக்கப்படாத உலோகக் கழிவை இறக்குமதி செய்ய ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வுச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. எடை மேடையில் கிடைக்கும் சில ரூபாய்க்காக உலையில் நிற்கும் தொழிலாளியின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவின் பாகங்களும் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் அடங்கும். மற்றப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. உருக்க வாங்குகிறோம் என்பதைக் காட்ட ஆவணமே நமக்குத் துணை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் விற்பதும், 2019 திருத்தத்துக்குப் பின், 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே 'மறுபடி நிரப்ப வேண்டும், நல்ல உறையாகப் பொறுக்கித் தாருங்கள்' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால், அந்த வியாபாரமே வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால்: ஏல ஆணை, பில், விற்பவரின் அடையாளம் ஆகியவை இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். மூட்டையை அவிழ்த்துப் பரப்பிப் பார்த்த பிறகே எடை போடுங்கள். குண்டோடு கூடிய தோட்டா ஒன்று கண்ணில் பட்டாலும் அடிக்காமல், அசைக்காமல், ஆட்களை விலக்கிக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வணிகரே ஜி.எஸ்.டி. செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். பித்தளை இன்றில்லாவிட்டால் நாளை வரும். கடையில் வேலை செய்யும் பையனின் கையும் கண்ணும் போனால் வராது.