அம்மை இறங்கிய பிறகு எங்கே போகிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். உள்ளே ‘அம்மா வந்திருக்கா’. தாளிப்பு கிடையாது, விருந்தாளி கிடையாது. கொப்புளம் காய்ந்து, மூன்று தண்ணீர் ஊற்றி, மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்ததும் வேப்பிலையை எடுத்துவிடுவார்கள். அம்மை இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதி அடையும்.

இறங்கியது கொப்புளம்தான். வைரஸ் அந்த உடம்பைவிட்டுப் போகவே இல்லை. ஆயுள் முழுக்கப் போகாது.

ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் மேல்தோற்றத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கிறது. சின்னம்மையைத் தரும் வேரிசெல்லா ஜோஸ்டர் அப்படி அடிக்கடி மாறுவதில்லை. மாற வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. நம் எதிர்ப்புச் சக்தி தயங்கி நிற்கும் ஓர் இடம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடம் அதற்குத் தெரியும்.

மூச்சு வழியாக நுழைந்த நாளிலிருந்து முதல் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகிறது. அந்த இடைவெளியில் அது டி செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. டி செல் என்பது வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்க வேண்டிய வெள்ளை அணு. அதிலேயே ஏறி, ரத்தத்தில் பயணம் செய்து, தோலில் போய் இறங்குகிறது இந்த வைரஸ்.

லீ பஜார் மண்டியில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தி, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சரக்கைப் பார்ப்பார்கள் அல்லவா? நம் செல்களும் தமக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை ஓயாமல் வெளிப்புறத்தில் மாதிரி காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் அதைப் பார்த்துத்தான் உள்ளே வைரஸ் இருப்பதைக் கண்டுபிடிக்கிறது. வேரிசெல்லா அந்த மாதிரி வெளியே வராதபடி செல்லுக்குள்ளேயே தடுத்துவிடுகிறது. சில நாள் தாமதம் போதும், அதற்குள் உடம்பெல்லாம் பரவிவிடும்.

பிறகு எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு தோலைச் சுத்தம் செய்கிறது. அதற்குள் வைரஸின் ஒரு பகுதி முதுகெலும்பை ஒட்டியும் முகத்து நரம்பின் வேரிலும் இருக்கும் நரம்பு முடிச்சுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தோல் செல் செத்தால் புதிது முளைக்கும். நரம்பு செல் செத்தால் பெரும்பாலும் போனது போனதுதான். அதனால் அங்கே எதிர்ப்புச் சக்தி கை ஓங்குவதில்லை. நரம்பு செல்லும் மற்றவற்றைப் போல மாதிரியைத் தாராளமாக வெளியே காட்டுவதில்லை. வைரஸும் தன் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அடங்கிக் கிடக்கிறது. புரதமே தயாரிக்காத வைரஸை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஐம்பது, அறுபது வயதில் டி செல்களின் கண்காணிப்பு தளரும்போது அது ஒரே ஒரு நரம்பைப் பிடித்துத் தோலுக்குத் திரும்பி வருகிறது. இதைத்தான் நாம் அக்கி என்கிறோம். இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வருவதற்குக் காரணம் இதுதான். அது அந்த நரம்பின் எல்லை.

சிறுவயது அம்மையும் முதுமை அக்கியும் ஒரே வைரஸ் என்பதை ஆராய்ச்சிக்கூடங்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப் சிம்ப்சன், தன் நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்தார். அக்கி வெளியிலிருந்து தொற்றுவதல்ல, உள்ளே உறங்கியது எழுவது என்று 1965-ல் எழுதினார். 1984-ல் ஒரே நோயாளியின் அம்மைக் கொப்புளத்திலிருந்தும் அக்கிக் கொப்புளத்திலிருந்தும் எடுத்த வைரஸின் டிஎன்ஏ ஒன்றாக இருந்தது. பரபரப்பான கண்டுபிடிப்புகளைவிட, ஓர் ஊர் வைத்தியரின் இந்தப் பொறுமையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பெரியம்மை ஒழிந்ததற்கும் சின்னம்மை நிலைத்ததற்கும் ஒரு பெரிய காரணம் இப்படி உள்ளே ஒளிந்திருப்பதில் இருக்கிறது. பெரியம்மை வைரஸும் தந்திரக்காரன்தான். செல்கள் எச்சரிக்கையாக அனுப்பும் இன்டர்ஃபெரானைப் பிடித்து முடக்கும் புரதங்களைத் தயாரித்தது. ஆனால் பிழைத்தவர் உடம்பில் ஒளிந்திருக்க அதற்குத் தெரியவில்லை. நோயாளியைச் சுற்றியிருந்தோருக்குத் தடுப்பூசி போட்டதும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. சின்னம்மையோ ஓர் ஊரில் அடியோடு மறைந்தாலும், ஒரு பாட்டியின் அக்கியிலிருந்து அம்மை வராத பேரனுக்குத் தொற்றி மறுபடி தொடங்கும்.

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம். கொப்புளம் எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும் என்பதால் எழுதியதால்தான் போயிற்று என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. எனக்கு இருக்கும் கவலை காவியைப் பற்றியது அல்ல. வீணாகும் நாட்களைப் பற்றியது. வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் வகை மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. சிலருக்குக் கொப்புளம் போன பிறகும் மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட, சேலை பட்டாலே துடிக்கவைக்கும் நரம்பு வலி நீடிக்கும். வயதானவர்களை அது உருக்குலைத்துவிடும்.

ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இரண்டு தவணையில் போடும் அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. டி செல்களுக்குப் பழைய எதிரியை மறுபடி அடையாளம் காட்டுவதே அதன் வேலை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி கண்டால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அதே நரம்பின் கிளைதான் கண்ணுக்கும் போகிறது; அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

(தொடரும்)