எலும்பு அன்றே சொன்னது

1946-இல் நியூயார்க்கின் எக்ஸ்ரே நிபுணர் ஜான் காஃபி, ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மண்டைக்குள் நாள்பட்ட ரத்தக்கட்டு. கை கால் எலும்புகளில் மொத்தம் 23 முறிவுகள். எலும்பு முறியும் அளவுக்கு அடிபட்டதாக எந்த வீட்டிலும் சொல்லவில்லை. எலும்பு நோயும் தென்படவில்லை. காயத்தால் வந்த முறிவுகள் என்றுதான் காஃபி கருதினார். ஆனால் காயப்படுத்தியது யார் என்ற இடத்தில் பேனாவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு முன்பே, 1860-இல், பாரிஸ் சட்ட மருத்துவர் அம்புருவாஸ் தார்தியூ வதைபட்ட 32 குழந்தைகளின் கதையை எழுதியிருந்தார். 18 பேர் இறந்தவர்கள். மருத்துவ உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெற்றவர்களே செய்வார்களா என்ற கேள்விதான் எந்தக் கருவியின் போதாமையையும்விடப் பெரிய தடையாக இருந்தது என்பேன்.

அதை உடைத்தவர் டென்வரின் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப். 71 மருத்துவமனைகளில் விசாரித்து, வதைபட்ட 302 குழந்தைகள், 33 மரணங்கள், 85 பேருக்கு நிரந்தர மூளைச் சேதம் என்று 1962-இல் கணக்கை வெளியிட்டார். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும், சந்தேகம் வந்தால் மருத்துவர் புகார் செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது.

இன்று, தொடை எலும்பு முறிந்த நான்கு மாதக் குழந்தையைத் தூக்கி வந்து "கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துட்டான்" என்றால், மருத்துவர் அதோடு விடுவதில்லை. உடம்பு முழுக்க இருபது எக்ஸ்ரே படம்போல எடுக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். புதிதாக முறிந்த விலா எலும்பு முதல் படத்தில் ஏமாற்றிவிடும், ஆறத் தொடங்கிய பிறகே தடிப்பாகத் தெரியும். விழித்திரையில் ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்கிறார்கள். காது, கழுத்து, வயிறு, முதுகில் கன்றிய தடம் இருந்தால் கேள்வி கூடும். நடக்கும் குழந்தையின் முழங்கால் சிராய்ப்பை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிக் கோளாறா, ரத்தம் உறையாத நோயா என்பதையும் சோதிக்கிறார்கள்.

சிகிச்சையும் மாவுக்கட்டோடு நிற்பதில்லை. பயந்துபோன பிள்ளைக்கும், அதற்குத் தீங்கு செய்யாத பெற்றோருக்கும் சேர்த்தே மனநல ஆலோசனை தருகிறார்கள்.

சந்தேகப்படத் தயங்கிய துறை இப்போது அவசரப்படுகிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. குழந்தையைப் பிடித்து உலுக்கினாலே மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம் என்று 1971-இல் எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச், தன் கருத்தை நீதிமன்றங்கள் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதை முதுமையில் கண்டித்தார். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இந்தக் காயத்தின் பெயரில் உலுக்கல் என்ற சொல்லைத் தவிர்த்துப் பொதுவான பெயரைப் பரிந்துரைத்தது. பெயர் மாறியும் வழக்காடு மன்றங்களில் வாதம் ஓயவில்லை.