காலையில் பிறந்த டின்னர்

இன்று இரவுச் சாப்பாட்டைக் குறிக்கும் ‘டின்னர்’, பிறப்பால் காலை உணவு. லத்தீனில் ‘ஜெஜூனஸ்’ என்றால் வெறும் வயிற்றோடு இருப்பவர். அதன் முன்னால் ‘டிஸ்’ சேர்ந்தபோது நோன்பை முடித்தல் என்ற பொருள் கிடைத்தது. பழைய பிரெஞ்சில் அது ‘டிஸ்னெர்’ என்று தேய்ந்து, நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, 1300-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. மருத்துவ மாணவர்கள் படிக்கும் ‘ஜெஜூனம்’ என்ற சிறுகுடல் பகுதியும் இதே வேரில் வந்ததுதான். உடலை அறுத்துப் பார்த்த பழங்கால மருத்துவர்கள் அதைக் காலியாகவே கண்டார்கள்.

ஆங்கிலத்துக்கு வந்தபோதே டின்னர் காலை உணவு என்ற பொருளைத் தாண்டிவிட்டது. நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதுதான் டின்னர், வேளை முக்கியமில்லை. இடைக்கால இங்கிலாந்தில் அது முற்பகலிலேயே முடிந்துவிடும். 17ஆம் நூற்றாண்டு லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் நண்பகலில் டின்னர் சாப்பிட்டார். பிறகு வேளை தள்ளிக்கொண்டே போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிதானமாகச் சாப்பிடுவது வசதி படைத்தவர்களின் அடையாளம் ஆனது. பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் மாலைதான் தோதுப்பட்டது.

நேரத்தை வைத்தே அந்தஸ்தை அளந்த காலம் அது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1798இல் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் வீட்டில் மூன்றரைக்கே டின்னர் என்கிறார். பணக்கார அண்ணன் வீட்டில் தங்கியிருந்த அக்காவுக்கு அப்போது சாப்பாடு தொடங்கியிருக்காது. 1813இல் வெளியான அவருடைய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில், பிங்லி என்ற செல்வந்தரின் மாளிகையில் டின்னர் ஆறரை மணிக்கு.

காலைக்கும் மாலைக்கும் நடுவே விழுந்த நீண்ட இடைவெளியை வயிறு பொறுக்குமா? மதியத்தில் ‘லஞ்ச்’ நுழைந்தது. அதற்கு முன் அந்தச் சொல்லுக்குப் பெரிய துண்டு என்றே பொருள். 1840-களில் மேட்டுக்குடி வீடுகளில் மாலைத் தேநீரும் வழக்கத்துக்கு வந்தது.

பிரான்சிலும் இதே இடப்பெயர்ச்சிதான். அங்கே ‘டெஜூனே’, ‘டினே’ இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். முதலாவது மதியத்துக்கும் இரண்டாவது இரவுக்கும் போய்விட, காலை உணவுக்குச் ‘சின்ன டெஜூனே’ என்று புதிதாகப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. கனடாவின் கியூபெக்கில் இந்த வம்பே இல்லை: காலையில் டெஜூனே, மதியம் டினே.

இங்கிலாந்திலும் பழைய வழக்கம் முழுதாக அற்றுப்போகவில்லை. வடபகுதியின் உழைக்கும் குடும்பங்களில் மதியச் சாப்பாடுதான் டின்னர். மாலைச் சாப்பாட்டுக்குப் பெயர் ‘டீ’. பள்ளியில் மதிய உணவு பரிமாறும் பெண்களை நாடு முழுவதும் ‘டின்னர் லேடி’ என்கிறார்கள். கிறிஸ்துமஸ் டின்னரையும் பெரும்பாலான வீடுகளில் பகலிலேயே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.