பச்சை குத்திய கையோடு வார்டுக்குப் போகும் பெண்ணுக்கு

கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கும் மாதங்களில் தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வண்டலூர் பக்கத்து வீடுகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் தோழிகளோடு போய் மணிக்கட்டில் ஒரு பெயரையோ பட்டாம்பூச்சியையோ குத்திக்கொண்ட பெண், நர்சிங் சேர்ந்து அரைக்கைச் சீருடை போடும் நாளில்தான் அதைப் பற்றி யோசிக்கிறாள். ட்யூட்டர் பார்க்கிறார். "இதோட வார்டுக்குள்ள வரக் கூடாது, கவுன்சில் ரூல்" என்கிறார். வீட்டில் அழுகை. அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை எழுத வைக்கிறது. ஒருத்தி கழிவறை கழுவும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்கிறாள். இன்னொருத்தி பச்சையின் மேல் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க வார்டில் நிற்கிறாள். ஒரு தகப்பனார் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, கட்டிய பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்காமல் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். மூன்றுமே தேவையில்லாத சேதம்.

ஆசிட்டை முதலில் சொல்கிறேன், இதில்தான் மீளமுடியாத இழப்பு. பச்சையின் மை மேல்தோலில் இல்லை. அதற்கு அடியிலுள்ள அடுக்கில் இருக்கிறது. ஆசிட், உப்புக்கல், இணையத்தில் விற்கும் 'டாட்டூ ரிமூவல்' களிம்பு எதுவானாலும் மேலே உள்ள தோல் வெந்து புண்ணாகும், மை அடியில் அப்படியே கிடக்கும். மிஞ்சுவது தழும்பும் பாதி அழிந்த படமும். முறையாக எடுக்க வழக்கமான வழி லேசர்தான். பல அமர்வுகள், இடையில் வாரக்கணக்கில் இடைவெளி. கறுப்பு ஓரளவு சீக்கிரம் போகும். பச்சை நிறமும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். அழகு நிலையத்தில் செய்துகொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் முதலில் காட்டுங்கள். தனியார் கிளினிக் என்றால் இரண்டு காகிதங்களைப் பாருங்கள்: தோல் மருத்துவரின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கிளினிக்கின் மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ். இரண்டாவதை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கவனிக்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்கவில்லையென்றால் கேளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது பேண்டேஜ். ஈரம் படிந்த துணி கிருமிக்கு வீடு. முழங்கைக்குக் கீழே துணி, வளையல், கைக்கடிகாரம் எதுவும் இருக்கக் கூடாது என்று பிரிட்டன் அரசு தன் மருத்துவமனைகளுக்கு 2007-லேயே சொன்னதன் காரணம், கையை மணிக்கட்டு வரை சரியாகக் கழுவ முடிய வேண்டும் என்பதுதான். ஆறிய பச்சை கை கழுவத் தடையில்லை. புதிதாகக் குத்திய பச்சை திறந்த புண்; ஆற இரண்டிலிருந்து நான்கு வாரமாகும். அந்த நாட்களில் நோயாளியைத் தொடுவது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. மறைக்காமல் ட்யூட்டரிடம் சொல்லி, ஆறும்வரை போஸ்டிங்கைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். ஆறிய பச்சைக்குத் தடை போடுகிறவர்கள் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், தொற்றைப் பற்றி அல்ல. அந்த வேறுபாட்டைக் கல்லூரியிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லலாம்.

இனி காகித வேலை. "கவுன்சில் ரூல்" என்று சொன்னால் எந்தக் கவுன்சில், எந்த விதி, என்ன எண் என்று எழுத்தில் கேளுங்கள். கல்லூரி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், பதிவு எண், எந்தத் தேதியில் யார் வார்டுக்குள் அனுமதிக்கவில்லை, எந்த விதியின்படி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். இரண்டு பிரதி எடுத்து, அலுவலக முத்திரையும் தேதியும் உங்கள் பிரதியில் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் புலம்புவது ஆவணம் ஆகாது.

கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்ததாக இருந்தால், கிண்டியிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேள்வியைச் சுருக்கமாக வையுங்கள்: நர்சிங் மாணவர்கள் உடலில் பச்சை குத்தியிருப்பதைத் தடை செய்யும் விதி ஏதும் உண்டா, இருந்தால் நகல் தருக. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் பிரிவு 19(1)-இன் கீழ் மேல்முறையீடு. இதே கேள்வியைச் சாந்தோமில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். தனியார் கல்லூரியிடம் நேரடியாக இந்த மனுவைப் போட்டு, பதில் இல்லை என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். போட வேண்டிய இடம் பல்கலைக்கழகம்.

தாமதம் செய்யாதீர்கள். பி.எஸ்சி. நர்சிங்கில் பட்டம் கையில் வருவதற்குள் ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் நூறு சதவீத வருகை முடித்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. வாசலில் நிறுத்தப்பட்ட ஒவ்வொரு நாளையும் நீங்கள்தான் பின்னால் ஈடுசெய்ய வேண்டும். அதனால் பதில் வரும்வரை ஈடுசெய்யும் டூட்டிக்கும் அதே கடிதத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.

டி.சி.யோடு வெளியேறுவது கடைசி வழி. அப்படியே வெளியேறினாலும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியதும் எழுத்தில்தான்.

இராணுவக் கனவு உள்ளவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இங்கே விதி வாய்மொழி இல்லை, அச்சில் இருக்கிறது. முழங்கையின் உட்பக்கத்திலிருந்து மணிக்கட்டு வரை, புறங்கை ஆகிய இடங்களில் மட்டுமே நிரந்தரப் பச்சை அனுமதி. பழங்குடியினரின் மரபுப் பச்சைக்கு மட்டும் தனிப் பரிசீலனை. கழுத்திலோ தோளிலோ குத்தியிருந்தால் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுத்தும் பயனில்லை. தாம்பரம் விமானப்படைத் தேர்வு மையத்துக்குப் போகிறவர்கள், பச்சையைக் கிட்டத்திலும் தூரத்திலும் எடுத்த இரண்டு புகைப்படங்களையும், அளவு, வகை விவரங்களையும் கொடுக்க வேண்டும். இராணுவ நர்சிங் பற்றி எண்ணம் இருக்கும் பெண்ணே, குத்துவதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படி. முன்பு படி, பிறகு குத்து.

ஊசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கைப் பிளந்துவிடும் அறுவையே செய்தார்கள். இரண்டு பேர் கைதானார்கள், மாநகராட்சி கடைக்குச் சீல் வைத்தது. அந்த அளவுக்குப் போன பிறகுதான் அதிகாரிகள் கண்ணைத் திறந்தார்கள் என்பது வெட்கக்கேடு. புது ஊசி உங்கள் கண்முன் உறையைப் பிரித்து எடுக்கப்பட வேண்டும், மை ஒருவருக்கென்று தனிக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும். இல்லையென்றால் எழுந்து வாருங்கள். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் உரிமமில்லாத கடையைப் பற்றி மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். அசையாவிட்டால் திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். முதலமைச்சர் உதவி எண் 1100-இலும் பதியலாம்.

ஊசி பழையது என்ற சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்துக்குப் போங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார். எழுபத்திரண்டு மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். எச்.ஐ.வி. பரிசோதனையை மூன்று மாதம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்தீர்களா என்று உங்கள் அட்டையை இன்றே பாருங்கள்; நர்சிங் மாணவிக்குப் பச்சை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் அரசுத் திட்டத்தில் இலவசம். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு இலவச எண் 1097.

இன்னொன்றும் உண்டு. கல்லூரி இரத்ததான முகாமில் முதலில் கையை நீட்டுவது நர்சிங் மாணவிகள்தான். பச்சை குத்தி பன்னிரண்டு மாதம் ஆகாதவர்கள் இரத்தம் கொடுக்கக் கூடாது. படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. தோழிகள் முன்னால் கூச்சப்பட்டு 'இல்லை' என்று எழுதாதீர்கள். அந்தப் பை யாரோ ஒரு பிரசவத் தாய்க்குப் போகப் போகிறது.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சை வேண்டாம் என்பது உங்கள் கல்லூரியின் விதியானால், சேர்க்கைக் கையேட்டில் அச்சிட்டு, பணம் கட்டும் முன் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். பதினேழு வயதில் சேரும் பிள்ளையிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, இல்லாத விதியை வார்டு வாசலில் சொல்லாதீர்கள்.