பெடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பயல்

பிஎம்டபிள்யூ எம்3 காரை லிஃப்டில் ஏற்றி அதன் அடிவயிற்றை அண்ணாந்து பார்ப்பது ஒரு தனிப் போதை. அதுவும் 2000-ல் வந்து 2006 வரை தயாரான இ46 ரகம் என்றால் கேட்கவே வேண்டாம். 3,246 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரை கத்திக்கொண்டே ஏறும் இன்ஜின். இத்தனைக்கும் அடியில் நின்றுகொண்டு நாங்கள் டார்ச் அடித்துத் தேடியதோ, ஒரு விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டை!

இடம் ம்யூனிக் நகர ஓரம். லிஃப்டையும் ஸ்பேனரையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறை. ஜெர்மனியில் இப்படிப் பட்டறைகள் உண்டு. காசைக் கட்டிவிட்டு நம் கையிலேயே கிரீஸ் பூசிக்கொள்ளலாம். கார் நண்பனுடையது. எடுபிடி வேலை என்னுடையது.

தேடிய பொருளின் பெயர் கிளட்ச் டிலே வால்வ். அது செய்யும் குசும்பு தெரிந்தால்தான் எங்கள் குதூகலம் புரியும். கிளட்ச் பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிரேக் ஆயில் குழாய் வழியாக ஓடி, கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ள, பிரஷர் பிளேட் விலகும், கிளட்ச் விடுபடும். காலை எடுத்தால் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அதே ஆயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும். திரும்பும் அந்த வழியில்தான் இந்த வால்வ் நிற்கிறது, ஊசித்துளை அளவு பாதையோடு. படம் விட்டதும் தியேட்டர்காரர் பெரிய கதவைப் பூட்டிவிட்டு சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அதேதான். கால் மேலே வந்துவிடும். கிளட்ச் இன்னும் வந்துகொண்டே இருக்கும்.

கம்பெனி ஏன் இப்படிச் செய்தது என்றால், நம் மாதிரி ஆட்களை நம்பாமல்தான். சிக்னலில் ஆவேசமாக ரெவ் ஏற்றி, காலைப் பட்டென்று எடுத்தால் அந்த அடி கியர்பாக்ஸ், ஷாஃப்ட், டிஃபரென்ஷியல் என்று வரிசையாக எல்லாவற்றையும் தாக்கும். வால்வ் அதை மழுக்கிவிடும். நியாயமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டாயிரம் ஆர்பிஎம் ஏறும் இன்ஜினைக் கொடுத்துவிட்டு, காலுக்குக் கடிவாளம் போடுவது என்ன விதமான பாசம்?

சரி, வேலைக்கு வருவோம். கியர்பாக்ஸின் இடப்பக்கம், குழாயின் நடுவே இரண்டு இணைப்புகளுக்கு மத்தியில் அந்தப் பயல் ஒளிந்திருந்தான். இரண்டு ஸ்பேனரை எதிரெதிராகப் பிடித்து ஒரு திருகு. ஆயில் சொட்டத் தொடங்கியதும் எனக்குப் பதற்றம், பிரேக்குக்கும் இதே ஆயில் டப்பாதானே என்று. நண்பன் சிரித்தான். டப்பாவில் கிளட்சுக்கான வாய் உயரத்தில் இருக்கிறது; அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள ஆயில் பிரேக்குக்கே மிஞ்சும். இதை யோசித்த இன்ஜினியருக்கு ஒரு கும்பிடு. அந்த ஆயில் பெயின்ட்டில் பட்டால் அரித்துவிடும் என்பதால் கையில் துணியோடே திரிந்தேன்.

கழற்றிய வால்வை என்ன செய்வது? சிலர் உள்ளே டிரில் விட்டுத் துளையைப் பெரிதாக்கி மறுபடி மாட்டுவார்கள். சிலர் உள்ளே ஒன்றுமில்லாத வெற்று வால்வை வாங்கி மாட்டுவார்கள். நாங்கள் இரண்டாவது கட்சி. பழையது பத்திரமாக டூல் பாக்ஸுக்குப் போனது. காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கலாம் அல்லவா!

அடுத்து, குழாயைத் திறந்ததில் உள்ளே புகுந்த ஏரை எடுப்பது. உண்மையான வேலை இதுதான், மற்றதெல்லாம் முன்னுரை.

"அமுக்குடா!"

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்கோ... விடாத... ம், இப்ப விடு."

மேலே நான் பெடலில், கீழே அவன் நிப்பிளில். இந்தக் காரில் காற்று லேசில் போகாது. கடைசியில் ஸ்லேவ் சிலிண்டரையே கழற்றி, அதன் கம்பியைக் கையால் உள்ளே அழுத்திக் குமிழிகளை விரட்ட வேண்டியிருந்தது. அது வெளியே இருக்கும்போது பெடலைத் தொட்டால் பிஸ்டன் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். "காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கடா" என்று கீழிருந்து உத்தரவு. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

இ46 எம்3 வைத்திருப்பவர்களின் கவலைகள் வேறு. பின்பக்க சப்ஃபிரேம் பிடிக்கும் இடத்தில் தகடு கீறுவது, ராட் பேரிங் தேய்வது என்று தூக்கத்தைக் கெடுக்கும் பட்டியல் இருக்கிறது. அதையெல்லாம் ஒத்திப்போட்டுவிட்டு இந்தச் சுண்டைக்காய் வேலைக்கு ஒரு சனிக்கிழமையைத் தாரை வார்த்தோம்!

அப்புறம் ஓட்டம். முதல் நகர்வில் கார் முயல்போல் ஒரு குதி குதித்தது. அவன் கால் பழைய சோம்பலுக்கே பழகியிருந்தது. ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்குப் போனபோதுதான் இருவரும் ஒரே நேரத்தில் "ஆ!" என்றோம். முன்பெல்லாம் கால் எடுத்து, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, ரெவ் கொஞ்சம் வீணாக ஏறி, பிறகு ஒரு வெட்டு வெட்டும். இப்போது கால் எங்கே நிற்கிறதோ கிளட்சும் அங்கே. மெதுவாகக் காலை எடுப்பவர்களுக்கு இதில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வேகத்துக்கு ஊசித்துளையே போதும்.

பட்டறைக்குத் திரும்பும்போது வாடகை நேரம் இன்னும் கொஞ்சம் பாக்கி. "பெடல் ரொம்ப ஆழமா போகுதுல்ல? கீழ ஒரு ரப்பர் ஸ்டாப்பர் வச்சா..." என்று அவன் ஆரம்பிக்கும்போதே நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன்.