மங்காத படம்



வீட்டில் பழைய புகைப்படங்கள் வைத்திருக்கும் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் ஒரு விந்தையைக் காண்பீர்கள். பாட்டனாரும் பாட்டியாரும் மணக்கோலத்தில் அமர்ந்து எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், ஓரங்களில் சற்றுப் பழுப்பேறியிருப்பினும், முகங்களைத் தெளிவாகக் காட்டும். அதற்குப் பல ஆண்டு பின்னர், 1970களில் எடுத்த வண்ணப்படமோ எங்கும் செம்மை படர்ந்து, சேலையின் பச்சையும் வானத்தின் நீலமும் ஓடிப்போய்க் கிடக்கும். மூத்த படம் இளமையோடு இருக்கிறது. இளைய படம் முதுமை எய்திவிட்டது. இதற்குக் காரணம் யாது?

கறுப்பு வெள்ளைப் படத்தை ஆக்கியது வெள்ளி என்னும் உலோகம். அதன் நுண்துகள்களே அங்கே நிழலாகவும் உருவமாகவும் நிற்கின்றன. வண்ணப்படத்தை ஆக்கியவை மூன்று சாயங்கள். அக்காலத்துச் சாயங்களுள் பசுநீலம் மிக மெலிந்தது. ஒளியே படாத பெட்டிக்குள் இருந்தபோதும் அது சிதைந்துகொண்டே வந்தது. நீலம் நலிய நலிய, எஞ்சிய செம்மை மேலோங்கிற்று. ஆக, ஒரு படத்தின் ஆயுள் அதன் நிறப்பொருளின் ஆயுளே ஆகும். இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் இன்றைய பேச்சின் பாதி முடிந்தது எனலாம்.

இன்று நாம் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் கைபேசியில் பிறந்து கைபேசியிலேயே மறைகின்றன. கருவி பழுதுற்றால் படமும் அதனோடு போய்விடுகிறது. ஆதலின், வேண்டிய படங்களையேனும் தாளில் பதித்து வைப்போம் என்று கருதிச் சிலர், இங்க்ஜெட் எனப்படும் மைதெளிக்கும் அச்சுப்பொறியை வீட்டிற்கு வாங்க முற்படுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால் கடையில் நிகழும் பேச்சு எதைப் பற்றியது? நிமிடத்திற்கு எத்தனை பக்கம், அங்குலத்திற்கு எத்தனை புள்ளி, விலை எவ்வளவு என்பனவே பேசப்படுகின்றன. படம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று வினவுவோர் மிகச் சிலர். அதை அறிய விரும்புவோர் கேட்க வேண்டிய முதல் வினா, இப்பொறியின் மை எத்தகையது என்பதே.

மை இரு வகைப்படும். ஒன்று சாயமை, கடைக்காரர் மொழியில் டை இங்க். மற்றொன்று நிறமி மை. அதனைப் பிக்மென்ட் இங்க் என்பர். இவற்றின் வேறுபாட்டை உணர ஆய்வுக்கூடம் செல்ல வேண்டுவதில்லை. வெள்ளைச் சட்டையில் குழம்பின் மஞ்சள் கறை படிந்தால் நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? துவைத்து வெயிலில் காயப் போடுகிறார்கள். மாலைக்குள் கறை வெளுத்துவிடுகிறது. மஞ்சளின் நிறம் ஒரு சாயம். அது நூலிழைக்குள் ஊறிக் கலந்தது. ஒளி அதனை எளிதில் சிதைக்கிறது. இனிக் கோயில் மதிலில் தீட்டிய காவிப்பட்டையை நோக்குங்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் காய்ந்தும் அதன் செம்மை மாறுவதில்லை. மழை சிறிது கழுவிச் செல்லலாம். ஒளி அதனை வெளுக்கச் செய்வதில்லை. காவி இரும்பு ஆக்சைடு என்னும் கனிமத்தின் பொடி. அது சுண்ணத்தில் கரைவதில்லை, துகளாகவே தங்குகிறது. அவ்வாறு கரையாது நிற்கும் நிறப்பொடியே நிறமி.

சாயமையில் நிறத்தின் மூலக்கூறுகள் நீரில் சர்க்கரைபோலத் தனித்தனியே கரைந்துள்ளன. தாளில் படிந்த பின் ஒவ்வொன்றும் ஒளிக்கும் காற்றுக்கும் நேரே இலக்காகிறது. நிறமி மையிலோ எண்ணற்ற மூலக்கூறுகள் ஒன்றாக இறுகிய துகள்கள் நீரில் மிதக்கின்றன. ஒரு துகளின் பருமன், தலைமயிரின் பருமனில் பல நூற்றில் ஒரு பங்கே. ஆயினும் அதன் வெளிப்புறம் தாக்குண்டாலும் உட்புறம் பிழைத்திருக்கும். பல நிறுவனங்கள் அத்துகளின் மேல் பிசின் போர்வையும் போர்த்துகின்றன. இந்நிறமிகள் காவிமண் அல்ல. பெரும்பாலானவை வேதியியலார் ஆக்கியவை. ஆனால் கறுப்பு நிறமி மட்டும் கரியே. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய வரிகளின் மேல் நம் முன்னோர் தடவிய விளக்குக் கரியும் அதுவும் ஓரினம். அக்கரி நூற்றாண்டுகள் கடந்தும் நம் கண்முன் நிற்கிறது.

இவ்வேறுபாட்டை உலகம் எளிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. கிரகாம் நாஷ் என்னும் புகழ்பெற்ற பாடகர் புகைப்படக் கலையிலும் ஆர்வம் மிக்கவர். அவர் தம் நண்பர்களுடன் 1991இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தை நிறுவினார். அங்கு இயங்கியது ஐரிஸ் 3047 என்னும் மைதெளிக்கும் பொறி. நூல்களும் விளம்பரங்களும் அச்சேறுமுன் மாதிரி பார்ப்பதற்கென்றே அப்பொறி ஆக்கப்பட்டது. அவர்கள் அதைத் திருத்தி, தடித்த ஓவியத் தாளில் கலைப்படங்களை அச்சிட்டனர். படங்கள் அழகாக அமைந்தன. ஆனால் மாதிரி பார்ப்பதற்கான மைக்கு நீண்ட ஆயுள் எதற்கு? தொடக்க காலப் படங்கள் விரைவில் மங்கத் தலைப்பட்டன. பின்னரே நிலைக்கும் மைகளைத் தேடும் முயற்சி வலுப்பெற்றது. அப்பொறி இன்று சிமித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேமிப்பில் உள்ளது.

2000ஆம் ஆண்டில் மற்றொரு பாடம் கிடைத்தது. வீட்டுக்கென வெளிவந்த ஒரு புகைப்பட அச்சுப்பொறியின் படங்கள், சில இடங்களில் சில வாரங்களுக்குள்ளேயே ஆரஞ்சு நிறமாயின. வெயில் படாத சுவரிலும் அவ்வாறு நிகழ்ந்தது. ஆராய்ந்தபோது காற்றிலுள்ள ஓசோன் வாயுவே குற்றவாளி என்று தெரிந்தது. மை விரைவில் உலர வேண்டும் என்று தாளின் மேற்பூச்சில் நுண்துளைகள் அமைத்திருந்தனர். அத்துளைகளின் வழியே காற்றும் புகுந்து பசுநீலச் சாயத்தைத் தின்றுவிட்டது. அதே ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்னும் நிறமி மைப் பொறியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அதன் படங்கள் பகலொளியில் ஒரு நிறமாகவும் விளக்கொளியில் வேறு நிறமாகவும் தோன்றும் குறை உடையனவாக இருந்தன. பின்வந்த நிறமி மைகளில் அக்குறை பெரிதும் நீங்கிற்று.

இனி, விளம்பரங்களில் காணும் ஆண்டுக் கணக்கைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். நூறு ஆண்டு நிற்கும், இருநூறு ஆண்டு நிற்கும் என்கிறார்கள். மைதெளிக்கும் புகைப்படக் கலையே நூறு ஆண்டு காணவில்லை. பின் எவ்வாறு அறிந்தனர்? கடும் ஒளியைப் படத்தின் மேல் இரவும் பகலும் பாய்ச்சி, நிறம் மங்குவதை அளந்து, அதனின்றும் கணக்கிட்டு உரைக்கின்றனர். இத்துறையில் நீண்டநாள் உழைத்தவர் அமெரிக்கரான ஹென்றி வில்ஹெல்ம். வண்ணப்படங்களின் நிலைபேறு பற்றி 1993இல் விரிவான நூலொன்றை அவர் வெளியிட்டார். அவரது ஆய்வகத்தின் கணக்கு, கண்ணாடிச் சட்டமிட்ட படத்தின் மேல் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் ஒளி படுவதாகக் கொள்கிறது. நன்கு விளக்கேற்றிய அலுவலக மேசையில் ஏறத்தாழ அவ்வளவு ஒளி இருக்கும்.

இக்கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். 450ஐ 12ஆல் பெருக்கினால் ஒரு நாளின் ஒளி 5,400 லக்ஸ்-மணி. சன்னல் வழியே 50,000 லக்ஸ் வெயில் ஒரே ஒரு மணி நேரம் படத்தின் மேல் விழுவதாகக் கொள்வோம். ஒன்பது நாளுக்குரிய ஒளி அந்த ஒரு மணியிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே, நூறு ஆண்டு என்பது பொறி தரும் வாக்குறுதி அன்று. குறித்த மை, குறித்த தாள், குறித்த ஒளி ஆகிய மூன்றும் கூடியபோது பெறும் மதிப்பீடு. மலிவு கருதி வேறு மையை ஊற்றினால் அம்மதிப்பீடு அப்படத்திற்குப் பொருந்தாது.

மைக்கு அடுத்தது தாள். செய்தித்தாளை வெயிலில் சில நாள் வைத்தால் மஞ்சளாகிறதே, ஏன்? மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீங்காமல் இருப்பதே காரணம். நெடுங்காலம் நிற்க வேண்டிய தாள் லிக்னினும் அமிலமும் அற்றதாக இருத்தல் வேண்டும். பருத்தி நாரால் ஆக்கிய தாள் இதற்குச் சிறந்தது. தூய்மை செய்த மரக்கூழ்த் தாளும் நன்று. இன்னொன்றையும் நோக்குக. கண்ணைப் பறிக்கும் வெண்மைக்காகச் சில தாள்களில் ஒளிர்பொருள் சேர்க்கின்றனர். அது காலப்போக்கில் ஆற்றல் இழக்க, தாள் மஞ்சள் சாயல் பெறும். பால்வெண்மையைவிடச் சற்றுத் தந்தநிறம் வாய்ந்த தாளே நம்பத்தக்கது.

இப்பொழுது பொறிக்கு வருவோம். பெயரையும் தோற்றத்தையும் கண்டு மையின் இனத்தை அறிய இயலாது. 2020ஆம் ஆண்டில் கேனன் நிறுவனம் புரோ-200, புரோ-300 என இரு பொறிகளை வெளியிட்டது. இரண்டும் 13 அங்குல அகலத் தாளை ஏற்பவை. ஆயினும் முன்னதில் எட்டுச் சாயமைகள். பின்னதில் நிறமி மைகள். அதே ஆண்டில் வந்த எப்சனின் ஷுவர்கலர் பி700 என்பதும் நிறமி மைப் பொறியே. வீடுகளில் இன்று பெருகியுள்ள, மைத்தொட்டி கொண்ட மலிவுப் பொறிகளில் வண்ண மைகள் பெரும்பாலும் சாயமைகளே. ஆதலின் பெட்டியின் மேல் எழுதியுள்ள மையின் வகையை முதலில் படியுங்கள்.

அடுத்து, மைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். கறுப்போடு சாம்பல் நிற மைகளும் இருந்தால் முகத்தின் நிழல்கள் மென்மையாக அமையும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வேண்டாத நிறம் கலவாது. பின்னர் மைக்குப்பியின் அளவையும் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நான் கூறிய புரோ-300இன் குப்பி 14.4 மில்லிலிட்டர்; பி700இன் குப்பி 25 மில்லிலிட்டர். பொறியை ஒருமுறை வாங்குகிறோம். மையை அதன் ஆயுள் முழுதும் வாங்குகிறோம்.

நிறமி மைக்குக் குறைகளும் உண்டு. அது தாளின் மேற்பரப்பில் படிந்து நிற்பதால், பளபளப்பான தாளில் சாயமை தரும் ஒருசீரான மினுமினுப்பை எப்போதும் தருவதில்லை. உராய்ந்தால் கீறலும் விழலாம். பொறியின் மைத்துளைகள் தலைமயிரினும் நுண்ணியவை. அவற்றின் வழியே வரும் துளி, ஒரு லிட்டரை ஒரு இலட்சம் கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒரு சில கூறுகளே. பல வாரங்கள் பொறியை இயக்காமல் விட்டால் மை உலர்ந்து துளை அடைபடும். அடைப்பை நீக்கும் ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த மை வீணாகும்.

எனவே, யார் வாங்கலாம், யார் வேண்டியதில்லை என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். வாரத்திற்கு ஒரு படமேனும் அச்சிடுவோர், தம் கையாலேயே நிறம் திருத்தி மகிழ்வோர் நிறமி மைப் பொறியை வாங்கலாம். ஆண்டுக்கு இருபது படங்கள் மட்டும் வேண்டுவோருக்கு அது வீண் செலவு. அவர்கள் நல்ல அச்சகத்தில் நிறமி மையும் பருத்தித் தாளும் கேட்டு வாங்குவதே அறிவுடைமை. சாயமைப் பொறியை முன்பே வைத்திருப்போரும் வருந்த வேண்டுவதில்லை. இன்றைய சாயமைகள் பெரிதும் திருந்தியவை. பொருத்தமான தாளில் பதித்து, ஒளியும் காற்றும் தாக்காமல் தொகுப்பில் வைத்தால் அவையும் பல்லாண்டு நிற்கும்.

படம் பதிந்தபின் செய்ய வேண்டியவையும் சில உள. ஒரு நாள் முழுதும் உலர விடுங்கள். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதவாறு அட்டை வரம்பு வையுங்கள். பசை தடவிய பக்கங்களையுடைய தொகுப்பு நூல்களை விலக்குங்கள். பி.வி.சி. உறைகளையும் விலக்கி, பாலிப்புரொப்பிலீன் உறைகளைக் கொள்ளுங்கள். பரணின் வெப்பமும் ஈரச்சுவரின் கசிவும் படத்திற்குப் பகை. கணிப்பொறியிலுள்ள மூலப்படத்தையும் இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

இறுதியாக ஒன்று. பழைய பெட்டியில் முகம் தெளிவாக நிற்கும் படத்தை எடுத்து, இவர் யார் என்று கேட்டால், விடை கூறுவார் சில வீடுகளில் ஒருவரும் இரார். வெள்ளி அழியவில்லை, பெயர் அழிந்துவிட்டது. அந்தத் தவற்றை நாம் செய்யலாகாது. பருத்தித் தாளின் பின்புறம், ஓரத்தில், மென்மையான பென்சிலால் படத்திலுள்ளோர் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். பென்சிலின் கரியும் கறுப்பு மையின் கரியும் ஒரே கரிமத்தின் இரு வடிவங்கள். முன்புறத்தில் முகமும் பின்புறத்தில் பெயரும் ஒருங்கே நிற்குமாயின், உங்கள் பேரர்கள் அப்பெட்டியைத் திறக்கும் நாளில் யாரையும் கேட்க வேண்டியிராது.